புளிக்காத ஊர்

மாடத்தி மைனி செத்த அன்றைக்கு எங்கள் தென்னங்குறிச்சியில் பால் தயிராவதை நிறுத்திக்கொண்டது. பால் மட்டுமில்லை, மாவு புளிப்பது, பழைய சோறு நுரைப்பது, சருகு மக்குவது, பூ வாடி அழுகுவது, எல்லாமே அன்றைக்கே நின்றுபோனது. துட்டி வீட்டு அலைச்சலில் அதை யாரும் உடனே கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம், மைனியே போன பிறகு பால் தோய்ந்தால் என்ன தோயாவிட்டால் என்ன என்றுதான் ஊரே உட்கார்ந்திருந்தது.

மைனியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் ஓரம் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் தளவாய் அண்ணாச்சியின் பெண்சாதி, பிள்ளை இல்லை, செவலைப் பசு ஒன்று உண்டு, கலியாணமாகி வரும்போது அவள் அம்மா தூக்குவாளியில் கொடுத்துவிட்ட உறைமோரை வைத்து அன்று தொட்டு ஒரு நாள் விடாமல் தயிர் தோய்த்து வந்தவள், அந்த உறையில் ஒரு கரண்டி வாங்காத வீடு எங்கள் ஊரில் கிடையாது. விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் உறைமோரும் வெளியே கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் பக்கத்துச் சாஸ்திரம். அந்த நேரத்தில் என் கதவைத் தட்டினால் நான்கூட "நாளைக்கு வா" என்றுதான் சொல்வேன். மைனி மட்டும் கொடுப்பாள். கேட்டால், "போனாப் போறா, எங்க போயிரப் போறா? அடுத்த வீட்டுக்குத்தான போறா, விடிஞ்சா அங்கன இருந்து குரல் கொடுப்பா" என்பாள். பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிற எனக்கு அவள் கொடுத்தது அதற்கும் மேலே. சாயங்காலம் மாவு கரைக்கிற நேரத்தில் அந்தப் பக்கமாக வந்தால், வளையலை மேலே தள்ளிவிட்டு என் குண்டானுக்குள் கையை விட்டு, "என்ன வடிவு, உளுந்துல கஞ்சத்தனம் பண்ணியிருக்க" என்று ஒரு கலக்கு கலக்கிவிட்டுப் போவாள், மறுநாள் இட்லி தட்டை விட்டு எழுந்து நிற்கும். அவள் கையில் என்னமோ இருந்தது, அது என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஆடிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டிலிருக்கும் ஆக்கின சோறு, அரைத்த மாவு, குடத்துத் தண்ணீர், மோர், தயிர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். மாடத்தி மைனிக்கு யார் சொந்தம், யார் சொந்தமில்லை என்று எந்த வீட்டுக்கும் தெரியவில்லை; எல்லா வீடும் தன்னைத்தான் நெருங்கின சொந்தம் என்று நினைத்துக்கொண்டது; மேலத்தெரு கொட்டியது, கீழத்தெரு கொட்டியது, அந்த வழக்கமே இல்லாத சைக்கிள் கடை இப்ராகிம் பாய் வீட்டில்கூட அவர் பெண்சாதி அழுதுகொண்டே தயிர்ச்சட்டியைக் கொண்டுபோய் வாய்க்காலில் கவிழ்த்தாள். கொட்டும்போது எல்லோரும் ஒன்றையேதான் நினைத்தோம்: உறைக்கு என்ன, மைனி வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். மைனி வீட்டிலும் அப்படியே கொட்டியாகிவிட்டது, இப்படிப் பொழுது சாயும்போது ஊரில் ஒரு சொட்டுப் புளிப்பு மிச்சமில்லை.

மும்பையிலிருந்து மைனியின் தம்பி வர வேண்டும் என்பதால் திருநெல்வேலியிலிருந்து ஐஸ் பெட்டி வரவழைத்து அதில் அவளைக் கிடத்தினார்கள். அன்று ராத்திரி பூரா கரண்டு இல்லை. காலையில் பதறிக்கொண்டு பெட்டியைத் திறந்தால் மைனி முந்தின நாள் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்; கழுத்து மாலையில் ஒரு ரோஜா இதழ்கூடச் சுருங்கவில்லை. தம்பி வந்தான், அழுதான், குளித்தான், "அத்தான், எனக்கு லீவு இல்ல, இன்னைக்கே எடுத்துருவோம்" என்றான். தளவாய் அண்ணாச்சி அவனை நிமிர்ந்து பார்த்து, "என்ன அவசரம் மாப்ள? கெட்டா போறா?" என்று கேட்டார்.

அவள் கெட்டுப்போகவில்லைதான். சுற்றி நின்ற நாங்களும், வாஸ்தவம்தானே, நாளைக்கு எடுத்தால் என்ன என்று யோசித்தோம். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அவளை அனுப்ப மனசில்லை. தம்பி ஒரு வாரம் பார்த்துவிட்டு, அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ரயிலேறினான். ஐஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அண்ணாச்சி மைனியை முன்னறை நார்க்கட்டிலில் படுக்கவைத்தார், அவளுக்குப் பிடித்த மாம்பழக் கலர் சேலையைப் போர்த்தினார், பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி அந்த நாளை வரவேயில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள், ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் ஊர் வாயைத் திறக்கவே இல்லை. பெண்கள் போய் அவளுக்குத் தலை வாரிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிவிட்டார்கள், யார் வீட்டில் சண்டை, யார் மகள் சமைந்தாள் என்று அவளிடம் சொன்னார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அந்த அறையில்தான் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின. கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாள் வந்து வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், உள்ளே பிச்சிப்பூ வாசம்தான் வந்தது, "நாத்தம்னு ஒரு புகார் வந்தாலாவது நான் எழுதலாம், இதுல என்னத்த எழுத?" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

முதலில் எங்களுக்கு இது கொண்டாட்டமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். மீன்காரர்கள் ஐஸ் வாங்குவதை விட்டார்கள். பூக்காரி போன வாரத்துப் பூவை இன்றைக்குப் பூ என்று விற்றாள், பொய்யில்லை, பூவும் அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊர் வாழைப்பழம் கறுக்காமல் மாதக்கணக்கில் மஞ்சளாகவே நிற்கிறது என்று கேள்விப்பட்டு எங்கெங்கோ இருந்தெல்லாம் லாரி வந்தது. கொசு இல்லை, ஈ இல்லை, சாக்கடை நாற்றம் இல்லை. சுண்டல் தின்றவர்கள்கூட சபையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்தக் காலத்தில்தான். பதனீர் எத்தனை நாள் வைத்தாலும் பதனீராகவே இருக்கிறது என்று வருத்தப்பட்டவர்கள் சிலர் உண்டு, அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும், பெயர் சொல்ல வேண்டாம்.

என் கடைதான் முதலில் படுத்தது. எவ்வளவு நேரம் வைத்தாலும் மாவு அரைத்த மாவாகவே கிடந்தது, ஊற்றினால் தட்டில் ஒட்டிக்கொண்டு வில்லையாக வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் மாவைப் புளிக்கவைத்தேன். அங்கே பொங்கிக்கொண்டுதான் நின்றது. குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டினேனோ இல்லையோ, மேலே நின்ற நுரை பொசுக்கென்று அடங்கிவிட்டது. ஊர்ப் பெண்கள் எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து உறைமோர் வாங்கிவந்தார்கள், டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார்கள், முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள், குலசாமியை வேண்டிக்கொண்டு கொண்டுவந்தார்கள், பாலத்தைத் தாண்டியதும் எல்லா மோரும் வெறும் வெள்ளைத் தண்ணீராகி, பாலில் விட்டால் பால் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, தயிர் இல்லாவிட்டால் என்ன, உயிரா போகிறது என்று ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம்.

உயிர்தான் போய்க்கொண்டிருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. மகாளய அமாவாசையன்று அவரவர் முன்னோருக்குப் படைத்துவிட்டு மாடியில் சோற்றை வைத்துக் கா கா என்று கூப்பிட்டால் ஒரு காக்கை வரவில்லை. ஊர் முழுக்க மொட்டைமாடியில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டோம், வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அப்போதுதான் ஒவ்வொருவராக யோசித்தோம். ஈயில்லை என்று சந்தோஷப்பட்டோமே, ஈ இல்லாததால் தவளை இல்லை, புழு இல்லாததால் மைனா இல்லை, தவளை இல்லாததால் கொக்கு இல்லை, எதைக் கொத்துவது என்று தெரியாமல் கோழிகள் தெருவில் சும்மா நின்றன. குலை வெட்டின வாழைமரம் நியாயமாகப் பார்த்தால் நின்ற இடத்திலேயே இற்றுக் கரைந்து தன் காலடியில் நிற்கிற கன்றுக்குச் சோறாக வேண்டும். அது கரையாமல் வெட்டின அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று நின்றது, அதன் காலடியில் கன்று வெளிறிப்போய் நின்றது. சருகு முழங்கால் உயரம் கிடந்தது. சாணி போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தது. மாடுகள் தின்றன, தின்றன, தின்றுகொண்டே மெலிந்தன.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஷர்மிளா என்று ஒரு பெண் வந்தாள், நல்ல பெண், வெயிலில் தோட்டம் தோட்டமாக நடந்தாள், மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தாள், யூரியா போடச் சொல்லிப் பார்த்தாள், அதுவும் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து போனதே தவிர ஒரு இலை பச்சையாகவில்லை. பஞ்சாயத்து அலுவலக மரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "வெயில் தினமும் கொடுத்துட்டுத்தாங்க இருக்கு. இலையும் அத வாங்கி வச்சுக்குது. அந்த இலைய மாடு தின்னு செரிக்கணும், மாடு போட்டத புழு திங்கணும், புழுவ குருவி திங்கணும், மிச்சத்த எல்லாம் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் தின்னு மண்ணாக்கணும், அப்பத்தான் அடுத்த இலைக்குச் சாப்பாடு. இங்க அந்தத் தின்னுகொடுக்கிற கூட்டமே இல்ல. வெயில் கொடுத்தது எல்லாம் வச்ச எடத்துலயே நிக்குது, யாருக்கும் போய்ச் சேரல."

பஞ்சாயத்துத் தலைவர் சொரிமுத்து எழுந்து, "அப்ப அதப் பிரிச்சுக் கொடுத்தது எங்க மாடத்தியாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அவங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்க ஐயா," என்றாள். "ஆனா செத்தது எதுவும் கெட்டுப்போகாதுன்னா, பொறக்கப் போறதுக்குச் சாப்பாடு கிடையாது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்." கூட்டத்தில் எல்லோருடைய கண்ணும் ஒரே திசையில், தளவாய் அண்ணாச்சி வீட்டு ஓட்டுக்கூரையைப் போய்த் தொட்டுவிட்டு வந்தது.

மைனியை மண்ணுக்குக் கொடுத்தால்தான் மற்றதெல்லாம் மண்ணுக்குப் போகும் என்பது எல்லோர் மனசிலும் வந்துவிட்டது, எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்? கடைசியில், "வடிவு, நீதான் அவுக வீட்டுக்கு அன்னாடம் போற வாரவ, நீ சொன்னா கேப்பாரு" என்று என் தலையில் கட்டினார்கள். நான் நாலு இட்லியை, இட்லி என்ற பெயரில் இருந்ததை, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உச்சிப்பொழுதில் போனேன். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து மைனிக்குப் பனைவிசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். ஈயே இல்லாத ஊரில் எதை விரட்டினாரோ. தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன வடிவு, இட்லியா அப்பளமா?" என்றார்.

"இட்லிதான் அண்ணாச்சி. சாப்பிடுங்க."

"ஊரு அனுப்பிச்சுதா?"

"இல்ல, சும்மாதான் வந்தேன்."

"பொய் சொல்லாத. ஒனக்கு வராது." விசிறியை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாம இருக்குமா? தோட்டத்துல நாந்தான கெடக்கேன். கன்னு வெளிறிப் போச்சு, மண்ணக் கையில எடுத்தா வெறும் மணலா உதிருது. ஆனா நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு. புளிப்பு திரும்பி வரணும்னு நீங்க எல்லாம் சாமி கும்பிடுதீய. வந்தா அது மொதல்ல யாருகிட்ட வரும்? இந்தா, இந்தக் கன்னத்துல வரும். இந்தக் கண்ணுல வரும். நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? ஊரெல்லாம் நாளைக்குத் தயிரும் சோறும் திங்கும், எனக்கு யாரு இருக்கா?"

எனக்கு அழுகைதான் வந்தது. எழுந்துபோய் மாடத்தில் இருந்த சீப்பை எடுத்து மைனிக்குத் தலை வாரினேன், நடுவில் ஒரு வெள்ளைமுடி இருந்தது, பிடுங்கலாமா என்று நினைத்தேன், பிடுங்கினால் அவருக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்து மரத்தடியில் காத்திருந்தவர்களிடம், "என்னால ஆவாது, வேற ஆளப் பாருங்க" என்றேன். வேறு ஆள் யாரும் போகவில்லை. இந்த ஊரைப் பற்றி எவ்வளவோ குறை எனக்கு உண்டு, அன்றைக்கு ஒருவரும் அவரிடம் போகாமல் இருந்தார்களே, அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் மறுநாள் காளான் முளைக்க வேண்டும், முளைக்கவில்லை. அந்த மழையில் ஒரு காலை நான் கஞ்சி கொண்டுபோனபோது தொழுவத்தில் செவலை படுத்துக் கிடந்தது, அண்ணாச்சி அதன் பக்கத்தில் சகதியிலேயே உட்கார்ந்திருந்தார். மைனி கன்றுக்குட்டியிலிருந்து வளர்த்த பசு, அவள் கையால் போட்டால்தான் தின்னும், அவள் போன பிறகு அண்ணாச்சி தோளில் மைனியின் பழைய சேலைத்துண்டைப் போட்டுக்கொண்டு போய் ஏமாற்றித் தின்னவைத்தார். சினையாக வேறு இருந்தது. வயிறு முட்ட நிறைந்திருந்தது, முதுகெலும்பும் விலாவும் துருத்திக்கொண்டு நின்றன. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தின்றதெல்லாம் தின்றபடியே கிடக்கிறது, அசைபோடவும் இல்லை, செரிக்கவும் இல்லை, இனி எழுந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அண்ணாச்சி அதன் வாயைத் திறந்து கையை உள்ளே விட்டு ஒரு பிடி புல்லை வெளியே எடுத்தார். மென்ற புல், ஆனால் இப்போதுதான் அறுத்த மாதிரிப் பச்சை மாறாமல் இருந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் முன்னறைக்குப் போய், கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி," என்றார் மைனியைப் பார்த்து. "ஒம் மாடு நெறஞ்ச வயித்தோட பட்டினி கெடக்கு. நாந்தான் பட்டினி போட்டிருக்கேன்."

மூலையில் கிடந்த மம்பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையோடு மழையாகத் தோட்டத்துக்கு நடந்தார். நான் கஞ்சிச்சட்டியோடு அங்கேயே நின்றேன். எனக்குப் புரிந்தபோது, இதற்காகத்தானே எல்லோரும் காத்திருந்தோம் என்று ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்துக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

எங்கள் ஆட்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். இடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கமும் கிடையாது, இது தோட்டம்தானே என்று சொல்லிக்கொண்டு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் போனோம், ஒருவரும் தடுக்கவில்லை. மைனி வெள்ளரி போட்டு வைத்திருந்த வாய்க்கால் ஓரத்து மேட்டில் அண்ணாச்சி குழி தோண்டினார், வேறு யாரையும் மம்பட்டி தொடவிடவில்லை. அடியில் வாழைச்சருகு ஒரு அடுக்கு பரப்பினார், அதன்மேல் சாணி ஒரு அடுக்கு, அதன்மேல் பச்சைத்தழை ஒரு அடுக்கு, கையால் தட்டித் தட்டிச் சமமாக்கினார். சொரிமுத்து மெதுவாக, "என்ன தளவாய், உரக்குண்டு மாதிரில்லா போடுத?" என்று கேட்டார்.

"உரக்குண்டுதான்," என்றார் அண்ணாச்சி. "அவ என்னைக்காவது ஒரு நாளு சும்மா இருந்திருக்காளா? வெறுங்கையோட அனுப்பச் சொல்லுதீரா? வேல குடுத்து அனுப்புவோம்."

அதைக் கேட்டதும் பெண்கள் ஓட ஆரம்பித்தோம். வீட்டுக்கு வீடு போய், மக்காமல் கிடந்த சருகு, வாடாமல் கிடந்த சாமி மாலை, அழுகாமல் கிடந்த காய்கறித் தோல், எது கையில் கிடைத்ததோ அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தோம். இப்ராகிம் பாய் ஆட்டுப்புழுக்கையை ஒரு சாக்கு நிறையச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மைனியைக் குழிக்குள் இறக்கிக் கிடத்தியதும், மரியாதை செலுத்துகிற மாதிரி ஒவ்வொருவரும் கொண்டுவந்ததை அண்ணாச்சி கையில் கொடுத்தோம், அவர் வாங்கி வாங்கி அவளைச் சுற்றி வைத்தார். மாம்பழக் கலர் சேலையில் அவள் அன்றைக்குச் செத்தவள் மாதிரியே இருந்தாள். கடைசியாக முகத்துக்கு மேலே சருகைப் பரப்பும்போது அவர் கை நின்றது. மழை பெய்துகொண்டே இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவரே பரப்பினார், மண்ணைத் தள்ளினார்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லோரும் காலையில் எழுந்ததும் வாசலில் நின்று, யாரும் பார்க்காத மாதிரி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு உள்ளே போனோம். செவலை கண்ணை மூடியபடி கிடந்தது. அண்ணாச்சி பகலெல்லாம் மேட்டில் உட்கார்ந்திருந்தார், பசுவுக்குத் தண்ணீர் காட்ட மட்டும் வீட்டுக்கு வந்துபோனார். அவர் முகத்தைப் பார்க்கும்போது, இதற்காகவா அவளைப் பிடுங்கிக்கொண்டீர்கள் என்று கேட்கிற மாதிரி எனக்கு இருந்தது. அவர் கேட்கவில்லை, எனக்குத்தான் அப்படிப் பட்டது.

பிறகு ஒரு விடியற்காலை, மழை விட்டிருந்தது, தூக்கத்திலேயே என் மூக்கில் ஏதோ வந்து மோதியது. எழுந்து உட்கார்ந்தேன். சாக்கடை. எங்கள் தெருச் சாக்கடை, நாறு நாறு என்று நாறியது. கதவைத் திறந்துகொண்டு ஓடினால் தெருவே வாசலில் நிற்கிறது, வயசானவர் பிள்ளைகள் எல்லோரும் முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார்கள், சொரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று, "நாறுதுய்யா! நாறுதே! எப்பா, என்னமா நாறுது!" என்று கூவுகிறார், கண்ணில் தண்ணீர் வழிகிறது. ஓடிப்போய் அடுப்படியைப் பார்த்தேன், மாவு குண்டானை நிறைத்து, மூடியைத் தள்ளி, திட்டில் வழிந்து தரையில் இறங்கியிருந்தது. பூக்காரி தன் கூடையைப் பார்த்து ஐயோ என்று கத்தினாள், மூன்று மாதத்துப் பூவும் ஒரே நேரத்தில் அழுகியிருந்தது, கத்திவிட்டு அவளும் சிரித்தாள். மீன்காரர் வீட்டுப் பக்கம் போகவே முடியவில்லை. வாய்க்கால் பக்கமிருந்து ஒரு காக்கை வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு வானம் கறுக்கும்படி வந்தன.

நான் அண்ணாச்சி வீட்டுத் தொழுவத்துக்கு ஓடினேன். செவலை தலையைத் தூக்கியிருந்தது. கழுத்தில் ஒரு உருண்டை கீழேயிருந்து மேலே ஏறியது, தாடை இடவலமாக அசைய ஆரம்பித்தது, நிதானமாக, அது பாட்டுக்கு, இந்த உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி அசைபோட்டது. பிறகு ஒரு ஏப்பம் விட்டது, என் முகத்துக்கு நேராக, புளித்த புல் வாசத்தோடு. அதன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, இதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோட்டத்தைப் பார்த்து ஓடினேன்.

அண்ணாச்சி மேட்டில் குந்தியிருந்தார். மண்மேட்டிலிருந்து லேசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எறும்பு, பெயர் தெரியாத பூச்சிகள், ஒரு சாணி வண்டு, எல்லாம் தங்கள் தங்கள் வேலையாகப் போய்வந்துகொண்டிருந்தன, ஒரு மைனா அவர் காலுக்குப் பக்கத்திலேயே எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு உள்ளங்கையையும் மண்மேல் பரப்பி வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, செவலை அசைபோடுது," என்றேன் மூச்சு வாங்க.

அவர் தலையை ஆட்டினார், கையை எடுக்கவில்லை. "வடிவு, இங்கன கைய வையி," என்றார்.

உட்கார்ந்து வைத்தேன். மண் சுட்டது. காய்ச்சல்கார உடம்பைத் தொடுகிற மாதிரி, அடியிலிருந்து சூடு கையில் ஏறியது.

"இத்தன நாளும் கட்டில்ல அவ கையப் புடிச்சுக்கிட்டுத்தான உக்காந்திருந்தேன்," என்றார் அண்ணாச்சி. மைனி செத்ததிலிருந்து அழாதவர், இப்போது மூக்கிலும் வாயிலும் வழிய வழிய அழுதார், துடைத்துக்கொள்ளக்கூடக் கையை மண்ணிலிருந்து எடுக்கவில்லை. "ஒரு நாளாவது சுட்டிருக்கா? ஐஸ் மாதிரில்லா கெடந்தா. இன்னைக்கித்தான் வடிவு, அவ மேலு சுடுது. இன்னைக்கித்தான் அவ இருக்கா."